ரசல் வில்சன் போன பிறகும் டென்வர் கணக்கில் 85 மில்லியன் நின்றது எப்படி? என்எஃப்எல் சேலரி கேப் பற்றிச் சில சந்தேகங்கள்

யாழினி_கே

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டம் புரிகிறது, அதன் பணக்கணக்குதான் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் எண்களோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஒரு அணி வீரர்களுக்காக வருடத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்புதான் சேலரி கேப், 2024இல் அது 255.4 மில்லியன் டாலர். அந்த மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கான ரசல் வில்சனை விடுவித்தது, அவரும் பிட்ஸ்பர்க் போய்விட்டார். ஆனாலும் டென்வர் கேப்பில் அவர் பெயரில் 2024இல் 53 மில்லியன், 2025இல் 32 மில்லியன், ஆக மொத்தம் 85 மில்லியன் டெட் மணி, அதாவது அணியில் இல்லாதவருக்காகக் கேப்பில் ஏறும் தொகை. இந்த எண் எங்கிருந்து வந்தது?

அடுத்தது, பிலடெல்பியா ஈகிள்ஸ் மாதிரி அணிகள் வருடா வருடம் பெரிய ஒப்பந்தங்களாகப் போடுகிறார்கள். கேப்பைத் தாண்டியதாகச் செய்தியே வருவதில்லை. "கேப் என்பதே பொய்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது சரியா?

கடைசியாக, கிரீன் பே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். பணக்கார முதலாளியும் கிடையாது. பணக்கார அணியான டல்லாஸ் கௌபாய்ஸுக்குச் சமமாக அவர்களால் எப்படிச் சம்பளம் கொடுக்க முடிகிறது?

---

கணக்கர்_செந்தில்

வில்சன் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். அது புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

வீரர் கைக்குப் பணம் போகிற நாள் வேறு, அது கேப்பில் ஏறுகிற வருடம் வேறு. சம்பளம் எந்த வருடத்துக்கு உரியதோ அந்த வருடக் கேப்பிலேயே ஏறும். சைனிங் போனஸை மட்டும் கையெழுத்துப் போட்டதும் கொடுத்துவிட்டு, கேப் கணக்கில் ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பங்கு பிரிக்கலாம். அதிகபட்சம் ஐந்து வருடம். ஏழு வருட ஒப்பந்தம் என்றாலும் ஐந்தால்தான் வகுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு ஆப்ஷனை (விருப்ப உரிமையை) அணி பயன்படுத்தும்போது தரும் ஆப்ஷன் போனஸுக்கும் இதே விதிதான், ஆப்ஷனைப் பயன்படுத்திய வருடத்திலிருந்து எண்ண வேண்டும்.

2022 செப்டம்பரில் டென்வர் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டியபோது கொடுத்த சைனிங் போனஸ் 50 மில்லியன். 2022 முதல் 2026 வரை வருடத்துக்கு 10. 2023இல் ஆப்ஷன் போனஸ் 20 மில்லியன். 2023 முதல் 2027 வரை வருடத்துக்கு 4. இது போக 2024க்கு 39 மில்லியன் உத்தரவாதம் என்று எழுதியிருந்தது, ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

2024 மார்ச்சில் பாக்கியைக் கூட்டிப் பாருங்கள். சைனிங் போனஸில் 2024, 25, 26 என்று மூன்று பங்கு, 30. ஆப்ஷன் போனஸில் நான்கு பங்கு, 16. உத்தரவாதத் தொகை 39. மொத்தம் 85.

வீரரை விடுவித்தால் வரும் வருடங்களுக்குத் தள்ளிவைத்த பங்கெல்லாம் அந்த வருடத்துக்கே ஓடி வந்துவிடும். அப்படி விட்டிருந்தால் 85ம் 2024லேயே விழுந்திருக்கும். அதனால் 'ஜூன் 1க்குப் பின்' என்று குறித்து விடுவித்தார்கள். ஒரு அணி வருடத்துக்கு இரண்டு பேரை இப்படிக் குறிக்கலாம். அப்போது நடப்பு வருடப் பங்கு மட்டும் இந்த வருடத்தில் நிற்கும் (39 + 10 + 4 = 53), மீதி அடுத்த வருடத்துக்குப் போகும் (20 + 12 = 32).

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கடம் உண்டு. மார்ச்சில் விடுவித்தாலும் ஜூன் 1 வரை வீரரின் பழைய கேப் எண் முழுதாக ஏட்டில் நிற்கும். வில்சனுக்கு அது 35.4 மில்லியன். ஆகவே மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்டுகளை, அதாவது ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த வீரர்களை, வாங்கும் நேரத்தில் இந்த வழி உதவாது. டென்வருக்கு ஜூன் வந்ததும் எண் இறங்கவும் இல்லை, 53க்கு ஏறியது. பணம் மிச்சமாகும் என்று அவர்கள் இதைச் செய்யவில்லை.

பிறகு ஏன் அவசரம்? மார்ச் நடுவில் தொடங்கும் 2024 லீக் வருடத்தின் ஐந்தாம் நாள் அவர் அணியில் இருந்திருந்தால் 2025க்கான 37 மில்லியன் சம்பளமும் முழு உத்தரவாதமாக மாறியிருக்கும். அந்தத் தேதிக்கு முன் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம். இப்படிப்பட்ட தேதிகள்தான் மார்ச் மாதச் செய்திகளில் பாதியை உண்டாக்குகின்றன.

பிட்ஸ்பர்க் அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 1.21 மில்லியனுக்கு எடுத்தது. ஒப்பந்தத்தில் ஈடுகட்டும் விதி, அதாவது ஆஃப்செட், இருந்ததால் டென்வர் தர வேண்டியதில் அவ்வளவுதான் கழிந்தது. 39இல் 37.79 மில்லியனை டென்வரே கொடுத்தது. எப்படியும் 39 கிடைக்கும் என்னும்போது பிட்ஸ்பர்க்கிடம் கூடுதலாகப் பேரம் பேச அவருக்குக் காரணமே இல்லை.

இன்னொன்று, டிரேடிலும் இதே கதைதான். வீரரை மாற்றிக்கொடுத்தால் சம்பளம் புது அணிக்குப் போகும், ஏற்கெனவே கொடுத்த போனஸின் பாக்கிப் பங்கு பழைய அணியிலேயே தங்கும். 2022இல் வில்சனை டென்வருக்குக் கொடுத்தபோது சியாட்டில் கேப்பில் 26 மில்லியன் விழுந்தது.

---

நெய்தல்_ரவி

செந்தில் சார் சொன்னது துல்லியம். "கேப் பொய்" என்பதற்கு நான் வருகிறேன். அது பொய் இல்லை. கேப் சுமையை ஒரு வருடத்திலிருந்து இன்னொரு வருடத்துக்குத் தள்ளிப்போடலாம், அழிக்க முடியாது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் என்றாவது ஒரு வருடத்தில் ஏறியே தீரும்.

தள்ளிப்போடும் வழியைக் கணக்காகவே போடுகிறேன். ஒரு மூத்த வீரருக்கு 2025இல் சம்பளம் 20 மில்லியன் என்று வையுங்கள். ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆடியவருக்கு அந்த வருடக் குறைந்தபட்சம் 1.255 மில்லியன். அதை மட்டும் சம்பளமாக விட்டு, மீதி 18.745 மில்லியனைச் சைனிங் போனஸாக மாற்றி ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 3.749. இந்த வருடக் கேப்பில் 1.255 + 3.749 = 5.004 மில்லியன்தான். கிட்டத்தட்ட 15 மில்லியன் இடம் பிறந்துவிட்டது. பதிலுக்கு அடுத்த நான்கு வருடமும் 3.749 கூடும். வீரருக்கு ஒரு காசு குறையவில்லை, வாரா வாரம் வர வேண்டிய பணம் முன்னதாக வருகிறது. பல ஒப்பந்தங்களில் வீரரிடம் கேட்காமலே மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அணி எழுதி வாங்கியிருக்கும்.

ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் மிச்சம் இல்லாவிட்டால்? அதற்குத்தான் வாய்ட் வருடங்கள். யாரும் ஆடப்போவதில்லை என்று தெரிந்தே கடைசியில் சேர்க்கிற காகித வருடங்கள் அவை, வகுப்பதற்கு மட்டும். ஒப்பந்தம் தானாக முடியும் நாளில் பாக்கி மொத்தமும் ஒரே வருடத்தில் இறங்கும். டாம் பிரேடி ஓய்வு பெற்ற பிறகு 2023இல் டாம்பா பே கேப்பில் 35.1 மில்லியன் விழுந்தது இப்படித்தான். அந்த அணி அதற்குள் ஒரு சூப்பர் பௌல் வென்றிருந்தது, ஆகவே வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஈகிள்ஸ் இதை அளவோடும் முன்யோசனையோடும் செய்கிறது. ஜேலன் ஹர்ட்ஸின் 2023 ஒப்பந்தம் 5 வருடம் 255 மில்லியன், ஆனால் முதல் வருடக் கேப் எண் 6 மில்லியனை ஒட்டித்தான். வருடந்தோறும் ஒரு ஆப்ஷன் போனஸ், பின்னால் வாய்ட் வருடங்கள். எல்லோரையும் விட முன்னதாக, இளம் வயதிலேயே கையெழுத்து வாங்கிவிடுவது அவர்கள் பழக்கம். கேப் ஏற ஏறப் பழைய விலை மலிவாகிவிடும். 2021இல் கேப் 182.5 மில்லியன், 2025இல் 279.2. வருடத்துக்கு 10 மில்லியன் வாங்கியவர் 2021இல் கேப்பில் ஐந்தரை சதவீதம், 2025இல் மூன்றரை சதவீதம்தான். தள்ளிப்போடுவது லாபமாக இருக்கிறது என்றால் காரணம் இந்த வளர்ச்சிதான்.

வளர்ச்சி நின்றால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பார்த்தாயிற்று. 2020இல் 198.2 ஆக இருந்த கேப், கொரோனாவால் மைதானங்கள் காலியாகி 2021இல் 182.5க்கு இறங்கியது. ஏறும் என்று நம்பி வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்த நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அந்த வசந்தத்தில் கேப்பைவிடச் சுமார் 100 மில்லியன் மேலே நின்றது. வீரர்களை விடுவித்து, மீதிப் பேரின் ஒப்பந்தங்களை மறுபடியும் மாற்றித்தான் அடங்கினார்கள். அந்த மாற்றங்களே அடுத்த வருடங்களின் சுமை.

என் கருத்து இது: உண்மையான எல்லை கேப் அல்ல, கையிருப்புப் பணம். போனஸாக மாற்றுவது என்றால் முதலாளி இன்றே காசோலை எழுத வேண்டும். அத்துடன் வரும் வருடங்களுக்கு முழு உத்தரவாதம் கொடுத்தால், 15 மில்லியன் போக மீதியைத் தனியாகக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒரு பழைய விதி இருக்கிறது. அணியைத் தவிர வேறு தொழில் இல்லாத குடும்பங்களுக்கு அது பெரிய பாரம்.

---

யாழினி_கே

இருவருக்கும் நன்றி. 39 + 30 + 16 என்று பார்த்ததும்தான் தெளிந்தது. ஒரு துணைக்கேள்வி: கிளீவ்லண்ட் 2022இல் டெஷான் வாட்சனுக்கு 230 மில்லியனையும் முழு உத்தரவாதமாகக் கொடுத்ததே, அதைக் காட்டி மற்ற வீரர்களும் ஏன் வாங்கவில்லை?

---

நெய்தல்_ரவி

முழு உத்தரவாதம் கூடாது என்று, லீக்கும் வீரர் சங்கமும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ஒவ்வொருவரும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். பேரத்தில் அணிக்கு இருக்கும் பெரிய ஆயுதம் ஃபிராஞ்சைஸ் டேக். ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை ஒரு வருடத்துக்கு, அந்த இடத்தில் ஆடுபவர்களின் உச்சச் சம்பளங்களை வைத்துக் கணக்கிட்ட தொகைக்கு, நிறுத்திவைக்கலாம். இரண்டாம் முறை என்றால் முந்தையதில் 120 சதவீதமாவது தர வேண்டும், மூன்றாம் முறை 144 சதவீதமாவது.

இதைத் தாக்குப்பிடித்து ஜெயித்தவர் கர்க் கசின்ஸ். வாஷிங்டன் அவருக்கு 2016இல் டேக் போட்டது, 19.95 மில்லியன். 2017இல் மறுபடியும், 23.94. மூன்றாவது டேக் போட்டால் 34 மில்லியனைத் தாண்டும் என்பதால் 2018இல் விட்டுவிட்டார்கள். சந்தைக்கு வந்தவருக்கு மின்னசோட்டா 3 வருடம் 84 மில்லியன், முழு உத்தரவாதத்துடன் கொடுத்தது. இரண்டு வருடம் காயத்துக்குப் பயப்படாமல் ஆட வேண்டும், அதுதான் விலை. சராசரி வீரரால் அந்தச் சூதை ஆட முடியாது. கையில் வரும் பணத்தை வாங்கிக்கொள்வதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். வாட்சன் ஒப்பந்தம் விதியாக மாறாததற்கும், முதலாளிகள் அதை முன்னுதாரணமாக ஏற்காததற்கும் அடிப்படை இதுதான்.

---

லாம்போ_தாஸ்

கிரீன் பே கேள்விக்கு யாரும் வரவில்லையே. எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

கிரீன் பே பேக்கர்ஸ் 1923 முதல் ஊர்மக்களின் அணி. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. 2021–22 விற்பனையில் ஒரு பங்கு 300 டாலர். அப்படி விற்ற பணம் அணியின் லாம்போ மைதான வேலைக்குப் போகும், வீரர்களுக்குச் சம்பளமாகப் போகாது. பொதுமக்கள் அணி என்பதால் வருடா வருடம் கணக்கை வெளியிடுகிறார்கள். மற்ற 31 அணிகள் மூடி வைத்திருப்பதை நாம் பார்க்கக் கிடைக்கும் ஒரே ஜன்னல் இது.

2025 மார்ச்சில் முடிந்த வருடத்தில் மொத்த வருவாய் 719.1 மில்லியன். அதில் 432.6 மில்லியன் லீக்கிலிருந்து வந்த பங்கு: டிவி உரிமை, லீக் அளவிலான விளம்பரதாரர்கள், உரிமம் பெற்ற பொருட்கள். 32 அணிக்கும் இந்தத் தொகை சமம். அதே சீசனுக்குச் செலவைப் பாருங்கள். கேப் 255.4, வீரர் நலத்திட்டங்களுக்கு அணிக்கு 74, ஆக 329.4 மில்லியன். அதாவது ஒரு டிக்கெட் விற்கும் முன்பே, ஒரு பியர் விற்கும் முன்பே, வீரர்கள் செலவு முழுவதும் கட்டியாகி 100 மில்லியனுக்கு மேல் மிஞ்சுகிறது. கிரீன் பே டல்லாஸுக்குச் சமமாகக் கொடுப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் ஒவ்வொரு அணியும் தனியாக டிவியுடன் பேசிக்கொண்டிருந்தது. நியூயார்க்குக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவாகவே கிரீன் பேக்குக் கிடைக்கும். கமிஷனர் பீட் ரோசெல் எல்லா உரிமையையும் சேர்த்து விற்றுச் சமமாகப் பிரிக்கலாம் என்றார். அதிக நஷ்டம் நியூயார்க் ஜயன்ட்ஸ் நடத்திய மாரா குடும்பத்துக்கு, அவர்களே சம்மதித்தார்கள். கூட்டாக விற்பது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னதால், அமெரிக்க நாடாளுமன்றம் 1961இல் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் போட்டு விலக்கு அளித்தது. 1962இல் சிபிஎஸ் கொடுத்தது வருடத்துக்கு 4.65 மில்லியன், 14 அணிக்கு. 2021இல் கையெழுத்தான இப்போதைய ஒப்பந்தங்கள் 11 வருடத்துக்கு 100 பில்லியனுக்கு மேல். சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி, ஈஎஸ்பிஎன், அமேசான் என்று ஐந்து பேர். வெளியூர் ஆட்டங்களையும் பார்க்கத் தரும் சண்டே டிக்கெட் என்ற தொகுப்பு தனியாக யூடியூபிடம், வருடத்துக்குச் சுமார் 2 பில்லியன்.

வீரர்கள் பங்கு இந்த வருவாயோடு கட்டப்பட்டிருக்கிறது. 2020 கூட்டு ஒப்பந்தப்படி லீக்கின் மொத்த வருவாயில் 48 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களுக்கு. அதில் நலத்திட்டச் செலவைக் கழித்து 32ஆல் வகுத்தால் கேப். கீழ்வரம்பும் உண்டு. 2024 முதல் 2026 வரை மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் கேப்பில் 90 சதவீதத்தையாவது ரொக்கமாகச் செலவழித்திருக்க வேண்டும், குறைந்தால் பாக்கியை வீரர்களுக்கே கட்ட வேண்டும். ஒரு வருடம் மிஞ்சிய கேப் இடத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போகலாம்.

டல்லாஸ் எங்கே பணக்காரன் ஆகிறது என்றால், பகிர வேண்டாத வருவாயில். டிக்கெட் வசூலில் 34 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும். ஆனால் சொகுசு அறைகள், மைதானப் பெயர் உரிமை, வண்டி நிறுத்தம், உள்ளூர் விளம்பரம் எல்லாம் அணிக்கே. 1995இல் டல்லாஸ் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் மைதானத்தின் பெயரில் பெப்சி, நைக்கியுடன் தனி ஒப்பந்தம் போட்டார். லீக்கின் விளம்பரதாரர் கோக். லீக் வழக்குப் போட, அவர் எதிர்வழக்குப் போட, கடைசியில் சமரசமாயிற்று. அதன் பிறகு எல்லா அணிகளும் அந்த வழியில் இறங்கின. புது மைதானம் கேட்டு நகரங்களை நெருக்குவதும் இதற்காகத்தான், சொகுசு அறையில் வரும் பணத்தைப் பகிர வேண்டியதில்லை. வரிப்பணத்தில் மைதானம் கட்டிக்கொடுத்துவிட்டு அறை வாடகையை அணிக்கே விட்டுக்கொடுக்கும் நகரங்கள் சரியான பேரம் பேசவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இந்தப் பணமும் கேப்புக்குள் நுழையும் ஒரு வழி உண்டு. ரவி சொன்னபடி, போனஸாக மாற்ற ரொக்கம் வேண்டும். சமநிலை கேப்பில் இருக்கிறது, ரொக்கத்தில் இல்லை. 2024 ஆகஸ்டில் தனியார் முதலீட்டு நிதிகள் ஒரு அணியில் 10 சதவீதம் வரை வாங்கலாம் என்று முதலாளிகள் வாக்களித்ததற்கு ஒரு காரணம் அதுவும்கூட. வாஷிங்டன் அணி 2023இல் 6.05 பில்லியனுக்குக் கைமாறியது. அந்த விலையில் முழுதாக வாங்க ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

---

கணக்கர்_செந்தில்

தாஸ் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 2023இல் 224.8 ஆக இருந்த கேப் 2024இல் ஒரேயடியாக 30.6 மில்லியன் ஏறியதே, அது டிவிப் பணத்தால் மட்டும் இல்லை. கொரோனாக் காலத்தில் அணிகள் முன்பணமாகக் கொடுத்ததும் வீரர்கள் தள்ளிவைத்ததும் அத்தோடு தீர்ந்துவிட்டன. ஆகவே அந்த ஏற்றத்தை வழக்கமான வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யாழினி, இனி ஒப்பந்தச் செய்தி வந்தால் "5 வருடம், 255 மில்லியன்" என்ற தலைப்பை விட்டுவிட்டு நான்கைந்து இடங்களைத் தேடுங்கள். கையெழுத்தின்போதே முழு உத்தரவாதம் எவ்வளவு? பலர் சொல்லும் மொத்த உத்தரவாதத்தில் காயத்துக்கு மட்டும் பொருந்துவதும் கலந்திருக்கும். பின்னால் உத்தரவாதமாக மாறும் தொகைக்கு எந்தத் தேதி? அது லீக் வருடத்தின் மூன்றாம் நாளா, ஐந்தாம் நாளா என்பதில் அணியின் வெளியேறும் வாசல் தெரியும். ஆஃப்செட் இருக்கிறதா? எத்தனை வாய்ட் வருடம்? முதல் மூன்று வருடத்தில் ரொக்கம் எவ்வளவு? கடைசி இரண்டு வருடச் சம்பளம் பெரும்பாலும் அலங்காரம், அதை யாரும் கொடுப்பதில்லை. ஏஜென்டுகள் மொத்தத்தைப் பெரிதாகக் காட்ட விரும்புவார்கள், அவர்களுக்குக் கட்டணம் அதிகபட்சம் 3 சதவீதம், அதுவும் வீரருக்குக் கைக்கு வரும்போதுதான்.

"இந்த அணிக்கு இவ்வளவு கேப் இடம் இருக்கிறது" என்று வசந்தகாலத்தில் வரும் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். மார்ச் முதல் சீசன் தொடங்கும் வரை உயர்ந்த 51 கேப் எண்களும் டெட் மணியும்தான் பெரும்பாலும் கணக்கில் வரும். செப்டம்பரில் 53 பேரும், காயப் பட்டியலில் இருப்பவர்களும், பயிற்சி அணியும் சேர்ந்துவிடும். பயிற்சி அணிக்கு மட்டும் 2025 குறைந்தபட்சக் கணக்கில் வாரம் 13,000 டாலர், 18 வாரம், 16 பேர் என்று போட்டால் 3.744 மில்லியன். காயமடைந்தவருக்குச் சம்பளம் தொடரும், அவர் இடத்துக்கு வருபவருக்கும் தர வேண்டும். டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்தவர்களுக்கும் தனியாக ஒதுக்க வேண்டும். மே மாதத்தில் 10 மில்லியன் இடம் காட்டும் அணிக்கு உண்மையில் இடமே கிடையாது.

டென்வர் 53 மில்லியன் டெட் மணியோடு 2024இல் 10 வெற்றி பெற்றுப் பிளேஆஃப் போனதற்கும் டிராஃப்ட்தான் காரணம். 12ஆவது தேர்வாக எடுத்த குவார்ட்டர்பேக் போ நிக்ஸின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமாகவே சுமார் 18.6 மில்லியன். 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் உத்தரவாதம் கொடுத்தார்கள். 2011 கூட்டு ஒப்பந்தம் புதியவர்களுக்குச் சம்பள அட்டவணை போட்டதும், அடுத்த வருட முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு மொத்தமே 22 மில்லியன். நல்ல குவார்ட்டர்பேக் அட்டவணைச் சம்பளத்தில் கிடைக்கும் அந்த நான்கு வருடம்தான் ஒரு அணி பழைய கடனைத் தாங்கவும் மற்ற இடங்களில் செலவழிக்கவும் முடிகிற காலம். முதல் சுற்று வீரருக்கு ஐந்தாம் வருட ஆப்ஷனும் அணியிடம் இருக்கும், ஆனால் அது முழு உத்தரவாதம். மூன்றாம் சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும்.